மைதானத்துக்கு முதுகு காட்டியவர்

நாங்கள் குடியேறிய குளிர் நாட்டில், எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் பேத்தி விளையாடுகிறாள் என்று போயிருந்தேன். அங்கே ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்களைப்போலத் தமிழ் ஆள்தான். பனை உயரம், காதை மூடிய கம்பளித் தொப்பி.

"ஏன் தம்பி, உங்களுக்கு அந்தப் பக்கமோ விளையாட்டு?" என்று கேட்டேன்.

"நான் பாத்தால் மகளின்ரை அணி தோக்கும், அம்மா. இண்டைக்கும் தோத்தால் விளையாட்டை விட்டிடுவன் எண்டு சொல்லிப்போட்டாள். இரட்டைச் சடை பின்னினவள்தான் என்ரை மகள், என்ன நடக்குதெண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

அது அயர்லாந்துக்காரரின் பந்தாட்டம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். அவர் மகளும் என் பேத்தியும் ஒரே அணி; எதிரணி போன முறை எங்கள் பிள்ளைகளைத் துவைத்துக் காயப்போட்டதாம்.

"உங்கடை மகள் கோல் கம்பத்துக்கு மேலாலை அடிச்சுப்போட்டாள், பாவம்" என்றேன். அவர் சிரித்தார். மறுபடியும் மேலால் போனது. நான் உச்சுக்கொட்டினேன், அவர் கைதட்டினார். மனிதருக்குச் சுகமில்லை என்றே நினைத்தேன்.

"இதிலை மேலாலை போனாலும் ஒரு புள்ளி, அம்மா" என்றார், திரும்பாமலே.

கடைசி விசில் ஊதியபோது எங்கள் பிள்ளைகள் வென்றிருந்தார்கள். சனம் நம்பமாட்டாமல் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் பிறகுதான் கூச்சலிட்டது. மகள் சேற்றுக் காலோடு ஓடிவந்தாள்.

"அப்பா, நான் அடிச்சதுகளைப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, ஒண்டும் விடேல்லை."

அவள் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"கண் வெட்டாமல் பாத்தவர்" என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.