கரும்பலகையில் ஒரு புயல்

சைக்ளோன் என்ற சொல்லை அன்று காலையில்தான் எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன். கல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் கிரேக்கத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. பாம்பின் சுருள் என்று அர்த்தம். சுழன்றடிக்கும் எந்தக் காற்றுக்கும் பொதுவாக வைத்தது. நம் பக்கத்தில் கடலில் பிறக்கும் புயலுக்கென்றே ஆகிவிட்டது. இதை வாயால் சொன்னால் போதாதா? எனக்குக் கை சும்மா இருக்காது. கரும்பலகை நிறைய ஒரு பாம்பைச் சுருட்டி வரைந்து, நடுவில் புயலின் கண் என்று எழுதினேன். மழை வலுத்து, மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். படத்தை அழிக்காமல் வந்துவிட்டேன்.

கணவர் பைக்கில் மலையிறங்கிப் போளூருக்குப் போயிருந்தார். கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னதோடு சரி. அப்புறம் மலையில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. விளக்கு வைக்கும் நேரமாகியும் ஆளைக் காணோம். மழை பெய்தால் மலைப்பாதை வளைவுகளில் மண் சரியும்.

வீட்டுக்கார அக்கா மெழுகுவர்த்தி கொண்டுவந்தார். பயம் வந்தால் என் வாய் ஓயாது. காலையில் நடத்திய பாடத்தை அவரிடமும் ஆரம்பித்தேன். பாம்பு என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளக்கு வச்சப்புறம் அந்தப் பேர எடுக்காதீங்க டீச்சர். கூப்ட்ட மாதிரி ஆய்டும். பூச்சின்னு சொல்லுங்க.”

“போர்டுல படமே போட்டு வச்சிருக்கேன்க்கா.”

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். “சார் எப்ப கெளம்புனாரு?” என்று மட்டும் கேட்டார்.

அதுதான் என்னை உலுக்கியது. மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்ற கட்டுரைப் போட்டிக்கு மார்க் போட்டவள் நான். குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த பள்ளிக்கு ஓடினேன். வகுப்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். போன் வெளிச்சத்தில் அது அப்படியே சுருண்டு கிடந்தது. டஸ்டரைத் தேடப் பொறுமையில்லை. வாலிலிருந்து தொடங்கி முந்தானையாலேயே தேய்த்து அழித்தேன். நடுவிலிருந்த கண்ணைக் கடைசியாக அழித்தேன்.

நான் வீடு திரும்பியபின் கணவர் நடந்தே வந்து சேர்ந்தார், தொப்பலாக நனைந்து.

“வளைவுல மரம் வுழுந்துச்சு. எனக்கு ரெண்டு முழம் முன்னால. வண்டிய அங்கியே வுட்டுட்டு நடந்து வர்றேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “புடவை இன்னா இப்படி வெள்ளையா இருக்குது?” என்றார்.

“சாக்பீஸ்” என்றேன்.

மரம் விழுந்தது எப்போது, நான் அழிப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் பயம்தான். இன்றுவரை கேட்கவில்லை.