சிமெண்டுச் சாக்கில் மணல்

பெரம்பலூரில் கபடித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. தேறினால் விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. தேறாவிட்டால் அம்மாவோடு ஜெயங்கொண்டம் பக்கத்துத் தோப்புகளில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. பி.டி. சார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரெய்டுல காத்து மாதிரி போற. பிடிச்சா காகிதம் மாதிரி வந்துடற. ஒடம்பு ஏத்து."

எப்படி என்று சார் சொல்லவில்லை. போன் சொன்னது. ஒரே மாதத்தில் தொடையும் தோளும் இரும்பாகுமாம். வீடியோவில் வந்தவர்கள் என்னைவிட எத்தனையோ வயது பெரியவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பக்கம் காலி சிமெண்டுச் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் ஓடை மணலை அள்ளிக் கட்டினேன். பகலெல்லாம் தோப்பில் குனிந்து பொறுக்கிவிட்டு, சாயங்காலம் சாக்கைத் தோளில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். நடுவில் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் 'கபடி கபடி' என்று பாட்டு இழுக்க மூச்சு நிற்காது என்பது எங்கள் ஊர்க் கபடிக்காரர்களின் சட்டம். யாரும் கேள்வி கேட்டதில்லை.

எதிர்வீட்டுத் தோழியும் தேர்வுக்கு வருகிறவள்தான். கொஞ்ச நேரம் செய்வாள், மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏண்டி, நீ கபடிக்குப் போறியா, லோடு ஏத்தப் போறியா?"

"நீ உக்காந்தே இரு. அங்கயும் உன்ன உக்கார வச்சே அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். பஸ்ல உக்காந்துதான வரணும்."

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு நாள் வெறி பிடித்தாற்போல் செய்தேன். மறுநாள் காலை தொடை இரண்டும் வீங்கிக் கல்லாக இருந்தன. சதை ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் கக்கூஸில் உட்கார முடியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அம்மா சூடு என்று மோர் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினாள்.

டாக்டரம்மா தொடையை அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். "சதை வளரலம்மா, ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சது கிட்னியில போயி நிக்குது."

"அடுத்த வாரம் தேர்வு, மேடம்."

"அடுத்த வாரம் நீ இங்கதான் இருப்ப."

பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். தேர்வு நடந்த அன்றும் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தோழி பெரம்பலூரிலிருந்து நேரே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டாங்கடி."

சந்தோஷப்படவும் தெம்பில்லை, பொறாமைப்படவும் தெம்பில்லை. "எடை பாத்தாங்களா?" என்றேன்.

"மெஷின்ல ஏத்தி எழுதிக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல. ஆடச் சொன்னாங்க, ஆடுனேன்."

அவள் என்னைவிட ஒல்லி.

அப்புறம் எனக்கும் உடம்பு வந்தது. இரண்டு வருஷம் ஆனது. சோறு, முட்டை, தூக்கம், வாரத்தில் சில நாள் பயிற்சி, மற்ற நாள் சும்மா. அந்தச் சும்மா இருப்பதுதான் இன்றைக்கும் என்னால் முடியாதது. இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறேன். பிடித்தால் காகிதம் மாதிரி வருவதில்லை. ஆனால் விடுதிக்கான வயது தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அம்மா மணலைக் கொட்டிவிட்டு அந்தச் சாக்கில் முந்திரிக்கொட்டை கட்டி வாசலில் வைத்திருந்தாள். ஓரமாக நகர்த்தலாம் என்று கை வைத்தேன்.

"வுடு. நீ போய் படு," என்று அவளே இழுத்துக்கொண்டு போனாள்.