ஏற்காட்டில் தறி ஓடாது

மகள் பிடிவாதமாக ரூம் போட்டுக் கொடுத்ததால், சனி ஞாயிறு நானும் என் வீட்டுக்காரரும் ஏற்காட்டில் இருந்தோம். அறைக்குள்ளேயே விறகு எரிக்கிற கணப்பு வைத்த, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா.

இந்த மனுஷன் தறியை விட்டுவிட்டு வெளியூரில் தங்கியதே கிடையாது. அங்கேயும் விடிவதற்கு முன்பே எழுந்துபோய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். எதிரே மலையே தெரியாத பனிமூட்டம்.

"இன்னாங்க, வந்ததுலேர்ந்து பேசாமயே இருக்கறீங்க? தறி ஞாபகமா? ஊருக்கே போயிடலாமா?" என்று கடுப்பாகத்தான் கேட்டேன்.

"இல்லமா. இந்த ஈரத்துல தெருவுல பாவு நூலை நீட்டிக் காய வைக்க முடியாது. தறிக்குழில தண்ணி ஊறிடும். இங்க ஒருத்தனாலயும் நெய்ய முடியாது" என்றார். "இந்த ஊர்ல இருந்தா வருஷம் பூரா நமக்கு லீவுமா."

என் கடுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்யாணமான புதிதில், மழை பெய்து தறி நின்றால்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். மழை நாள்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.

என் போர்வையில் பாதியை அவருக்குப் போர்த்திவிட்டேன். டிபன் ஆறிப்போகும்வரை அங்கேயே பேசிக்கொண்டிருந்தோம்.

இன்று காலை காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். வந்ததுமே மண்டையைப் பிளக்கிற வெயில். தறியில் உட்காரப் போனவர் வாசலுக்குத் திரும்பி வந்து வானத்தை ஒரு சுற்று பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்குதுல்ல?"

பொட்டு மேகம் இல்லை.

"ஆமாங்க, நல்லா இருட்டிக்கினு வருது" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் டீ போட உள்ளே போனேன்.

உங்கள் ஏரியாவில் மேகம் ஏதாவது சும்மா நின்றுகொண்டிருந்தால், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்களேன்.