இறக்கை ஒடிந்த பறவையும் ஆம்புலன்ஸ் டிரைவரும்

பதினெட்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு லீவு நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. அலமாரியைத் திறப்பார், மூடுவார், சமையலறைக்கு வந்து நிற்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தும் மச்சினி, கடலோர உப்பளத்துக்குப் பறவை எண்ணக் கிளம்பினாள். "இவரையும் கூட்டிட்டுப் போடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தள்ளிவிட்டாள் அக்காக்காரி.

ஏழு மணிக்கே வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. பாத்திகளுக்கு அப்பால் பூநாரைகள் அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. மச்சினி பைனாகுலரும் நோட்டுமாக எண்ண, இவர் பக்கத்திலேயே நின்று சத்தமாக எண்ணினார். மூன்று தடவை அவளுக்குக் கணக்கு தப்பியது.

"மாமா, அந்த வரப்புல கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன். ப்ளீஸ்."

டிராக்டர் போய்வரும் அகலமான வரப்பு. பத்தடிகூடப் போயிருக்கமாட்டார், காலடியிலிருந்து குருவி அளவில் ஒரு பறவை ஓடியது. மண் நிற முதுகு, வெள்ளை வயிறு. சற்றுத் தள்ளிப் போய்ப் பொத்தென்று சாய்ந்து, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்தபடி கத்தியது.

"ஐயோ, ஒடிஞ்சிருச்சு! அசையாதேம்மா, இதோ வந்துட்டேன்!"

தோளில் கிடந்த துண்டை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கைக்கு எட்டும் போலிருக்கும். அதற்குள் நாலடி தள்ளி விழுந்து கிடக்கும். வழுக்கிப் பாத்திக்குள் முழங்கால்வரை இறங்கியதில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. இருநூறு அடி இப்படி இழுத்தடித்துவிட்டு, நோயாளி இரண்டு இறக்கையையும் விரித்து ஜம்மென்று பறந்தது.

பின்னாலேயே வந்துவிட்ட மச்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. இத்தனை வருஷத்துல எந்தப் பேஷன்ட்டும் என்னை இப்படி ஏமாத்தினதில்ல."

"அது உப்புக்கொத்தி மாமா. நீங்க நின்ன இடத்துல எங்கேயோ முட்டை இருக்கு. உங்களை அங்கேருந்து கிளப்பத்தான் இவ்வளவு நடிப்பு."

அவர் முகம் வெளிறிப்போனது. ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துத் திரும்பினார்கள். சக்கரத் தடத்தை ஒட்டிய சின்னக் குழியில் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். ஒரு சாண் தள்ளி அவருடைய செருப்புத் தடம்.

நிமிர்ந்தால், எதிரே உப்பு மூட்டைகளோடு டிராக்டர் வருகிறது. ஆம்புலன்ஸ்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"வழி விடுங்கண்ணே, லோடு இருக்கு."

"ரிவர்ஸ் எடு. அடுத்த வரப்புல சுத்திப் போ."

"எதுக்கு?"

"பிரசவ கேஸ்ப்பா!"

டிராக்டர்காரர் இறங்கி வந்து முட்டைகளைப் பார்த்தார். சேற்றில் குளித்து நின்ற ஆளையும் ஏற இறங்கப் பார்த்தார். வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, ஒரு கம்பும் காலிச் சாக்குமாகத் திரும்பி வந்தார்.

"இதை நட்டுக் கட்டி வைங்க. மத்தவன் என்னை மாதிரி இறங்கிப் பாக்க மாட்டான்."

கட்டி முடித்து, தூரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் மச்சினியிடமிருந்து பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து உப்புக்கொத்தி நடந்தே வந்தது. சாக்கைச் சந்தேகமாகச் சுற்றிப் பார்த்து, வயிற்று இறகை உப்பி, மெல்ல முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"மாமா, பூநாரை இன்னும் பாதி பாக்கி. குடுங்க."

"இரு, இரு" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.