பாதி வெள்ளை, பாதி மஞ்சள்

எங்கள் மருத்துவமனையில் ரத்தக்கொதிப்பைக் குறைக்க, சிறுநீரைப் பிரித்து வெளியேற்றும் நீர் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு வெள்ளை மாத்திரை, அடுத்ததற்கு மஞ்சள், மூன்றாவதற்கு இரண்டிலும் பாதி சேர்ந்த கலவை. பதிவேடு எழுதும் நர்ஸ் நான். அந்த பஸ் டிரைவர் வந்து சேரும்வரை என் பதிவேடு நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது.

அவருக்கு பிரஷர் நூற்று எழுபத்தாறு. மூன்று மாதத்தில் நூற்று நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு டெப்போ டயர் ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்களாம். ஷெட்டைப் பற்றிக்கூட அவருக்குக் கவலையில்லை. அவர் வண்டியின் கண்டக்டர், அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். இருபத்திரண்டு வருஷமாக நகமும் சதையும். ஒரு டீ வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பார்கள்.

"மாப்ளைய இன்னொருத்தன் வண்டியில ஏத்திவிட்ருவாங்கம்மா" என்று அந்த ஆஜானுபாகு கண் கலங்கினார்.

மாப்பிள்ளைக்கும் கொதிப்பு இருந்தது. இருவரையும் ஆய்வில் சேர்த்தோம். குலுக்கலில் டிரைவருக்கு வெள்ளை விழுந்தது, கண்டக்டருக்கு மஞ்சள்.

வெள்ளை, நீரோடு பொட்டாசியத்தையும் துரத்திவிட்டது. பிரஷர் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கிளட்ச் மிதிக்கும் காலில் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். பயணிகள் அங்கேயே நின்று ஏறப் பழகிவிட்டார்கள். மஞ்சள் தின்ற கண்டக்டருக்குக் காலில் ஒன்றுமில்லை. பிரஷர்தான் அசைவேனா என்றது.

மூன்றாம் மாதம் பார்த்தேன். டிரைவர் நூற்று முப்பத்திரண்டு! கண்டக்டர் நூற்று முப்பத்து நான்கு! கால்பிடிப்பும் போயே போச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வராண்டா முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து, மிச்ச மாத்திரைகளை எண்ணுவதற்காக இருவரின் டப்பாக்களையும் திறந்தேன். இரண்டிலும் முழு மாத்திரை ஒன்றுகூட இல்லை. பாதி வெள்ளை, பாதி மஞ்சள், அடியில் தூள்.

"என்னங்க இது?"

"என்னுதுல பிரஷர் இறங்குது, மாப்ளையுதுல கால் பிடிக்கல. ஆளுக்கு ஒரு நல்லத வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? டெப்போல உக்காந்து பிளேடால வெட்டிக்குவோம்."

"டீயும் மாத்திரையும் ஒண்ணா? ஏதாவது ஆகியிருந்தா? உங்க தங்கச்சிக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கத்தினேன். அந்த ஆஜானுபாகுவும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலை குனிந்து நின்றார்கள்.

டாக்டர் முதலில் முறைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வெள்ளை துரத்துறதை மஞ்சள் பிடிச்சு வைக்குது. மூணாவது குழுவுக்கு நாம குடுக்கறதும் இதேதான்மா. இவங்க பிளேடை வச்சே கண்டுபிடிச்சுட்டாங்க!"

சிவப்பு மையால் இரண்டு பெயரையும் அடித்தேன். மூன்று மாத எழுத்து வீண்; கோபப்படத்தான் பார்த்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, பிரஷரைத் தானே அளந்து, இருவருக்கும் கலவை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வண்டி ஓட்டலாம் என்ற சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார்.

டிரைவர் சான்றிதழைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார். புது மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"எல்லாமே இதுக்குள்ளயே இருக்குங்கறீங்க. அப்ப மாப்ளைக்கு நான் எதைக் குடுக்கறது?"

"டீ இருக்குல்ல மச்சான், வாங்க. வண்டிக்கு நேரமாச்சு" என்று கண்டக்டர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.