கொடியேற்றத்திலிருந்து எண்ணிய எட்டுக் கிழமை

கல்யாணமாகி ஆறாம் வருடம் என் மனைவி முழுகாமல் இருந்தாள். கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா அட்டையை விரித்து, "கடைசியாய்த் தூரம் வந்த திகதி என்ன, தங்கச்சி?" என்று கேட்டார். மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நாள் நல்ல ஞாபகம். தூரமென்றால் எங்கள் பெண்கள் கோயில் வாசல் மிதிப்பதில்லை. ஊர் அம்மன் கோயில் கொடியேற்றத்தன்று அவள் அப்படிச் சொல்லி வீட்டில் நின்றுவிட, நான் தனியே போய் வந்தேன். "கொடியேத்தத்தண்டு, அக்கா" என்றேன். மேசைக்குக் கீழே அவள் என் காலை மிதித்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அக்கா ஏழு ஏழு நாளாய் எண்ணிப் பார்த்து எட்டுக் கிழமை என்று எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கும்படி சொன்னார். கரு தங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே எண்ணத் தொடங்குவார்களாம். ஒரு மணல் அளவு முட்டை இரண்டாய், நாலாய்ப் பிரிந்து, போய்க் கருப்பையில் ஒட்டுமாம். கை கால் முளைக்க முன்னமே இதயம் துடிக்குமாம். கை முதலில் துடுப்புப் போல வரும், விரல் பிறகுதான் பிரியும் என்றார். "சின்ன வாலும் இருக்கும், அண்ணை. பிறகு இல்லாமல் போயிடும்."

"வாலோ?" நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"உங்களுக்கும் இருந்ததுதான்."

"இப்பவும் கிடக்கோ தெரியாது" என்றாள் மனைவி. அன்று அவள் வாய் திறந்தது அதற்குத்தான்.

அந்தக் கிழமையே எங்கள் ஊர் சுருவிலில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ஸ்கான் எடுக்கப் போனோம். டொக்டர் படத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "பை தெரியுது. எட்டுக் கிழமையெண்டால் பிள்ளையின்ர துடிப்பும் தெரிய வேணும். காணேல்லை."

என் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது.

படுத்திருந்தபடியே மனைவி சொன்னாள்: "டொக்டர், கொடியேத்தத்தண்டு எனக்குத் தூரமில்லை. பொய் சொன்னனான். தீர்த்தம் முடிஞ்ச அடுத்த நாள்தான் வந்தது."

டொக்டர் என்னைப் பார்த்தார். "பதினைஞ்சு நாள் திருவிழா. தீர்த்தம் கடைசி நாள்" என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப ஆறு கிழமையும் நிரம்பேல்லை. இந்தக் கணக்குக்குத் துடிப்புத் தெரியாமலும் இருக்கலாம். உறுதியாய்ச் சொல்ல ஏலாது. பத்து நாள் கழிச்சு வாங்கோ."

பஸ்ஸில் கேட்டேன்: "அம்மாளின்ர விஷயத்தில பொய் சொல்லுறதே, நீர்?"

"அம்மாளுக்குத் தெரியும் நான் ஏன் வரேல்லையெண்டு. தெரியாதது உங்களுக்குத்தான்." கடற்காற்றுக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "கொடியேத்தத்துக்கு வாற உங்கட சொந்தம் முழுக்க என்ர வயித்தைப் பாத்துத்தான் சுகம் கேக்கிறது. உங்கட பெரியம்மா தொட்டும் பாக்கிறவ."

ஐந்து கொடியேற்றங்களில் நான் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். கொடியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பத்து நாளும் அவள் குசினி அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் வயிற்றில் கைவைத்தபடியே நடந்தாள். நான் தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறும்போதும் அம்மாளைக் கூப்பிட்டேன். துடிப்புத் தெரிந்தால் கோயில் வீதியில் உருண்டு கும்பிடுவேன், அவள் சொன்ன பொய்க்கும் சேர்த்து, என்று நேர்ந்தேன்.

பத்தாம் நாள் டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கடலை அளவில் ஒரு வெள்ளை. அதன் நடுவே ஏதோ மினுங்கி மினுங்கி எரிந்தது. மனைவி என் கையை நெரித்தாள்.

"வால், டொக்டர்?" என்றேன்.

"இருக்குது. பயப்பிடாதேங்கோ."

வெள்ளிக்கிழமை ஈர வேட்டியோடு உள்வீதியில் உருண்டேன். பொய் சொன்னது அவள். முழங்கை உரஞ்சுப்பட்டது எனக்கு. மூன்றாம் மூலையில் பெரியம்மா நின்றிருந்தார். "என்னடா தம்பி, என்ன நேர்த்தி?"

மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது மனைவியின் கட்டளை.

"நாரிப்பிடிப்பு, பெரியம்மா. இடுப்பை நிமித்த ஏலாமல் கிடக்கு."

"நாரிப்பிடிப்போடயோ உருளுறாய்?"

தூணுக்குப் பின்னால் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்தப் பொய்க்கு எப்போது வந்து உருளுவது என்று அம்மாளிடமே கேட்டபடி நான் அடுத்த மூலைக்குத் திரும்பினேன்.