பூனையின் காதில் மயிர் உதிர்ந்தபோது

அந்தப் பூனையை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றிலும் அது என் பூனை என்றே பேசப்பட்டது. சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்த நானும் கணவரும், குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் ஓர் அக்காவின் வீட்டு வளவில், நெல் மூட்டை அடுக்குகிற கொட்டிலில் ஒதுங்கியிருந்தோம். மாரி மழையில் ஒரு நாள், வாய்க்கால் மதகுக்குள் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைக் கணவர் சொப்பிங் பைக்குள் போட்டு சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நாங்களே ஒருவர் வளவில் ஒட்டிக்கொண்டு இருக்கிறோம், இதில் இது வேறா என்று நான் கத்தினேன். அவர் பையை என் மடியில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

குட்டி வளர்ந்தது. நெல் மூட்டைகளைத் தேடி வந்த எலிகளைப் பிடித்தது. அதனால் அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. பங்குனி வெயில் ஏறியபோதுதான் அதன் காதில் மயிர் உதிரத் தொடங்கியது. முதலில் இடது காது, பிறகு வலது. புண் இல்லை, சொறி இல்லை, உண்ணி இல்லை. அது காதைச் சொறிந்துகொண்டதுமில்லை. மயிர் மட்டும் போய்விட்டது. வெயிலுக்கு எதிரே இருந்தால் காது இரண்டும் மெல்லிய ரோஸ் நிறத்தில், நரம்பு தெரியத் தெரிய நிற்கும். மற்ற உடம்பெல்லாம் பளபளப்பாக இருக்க, தலை மட்டும் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் போல் ஆகிவிட்டது.

வேப்பெண்ணெய் பூசினேன். தேங்காயெண்ணெயும் பூசிப் பார்த்தேன், அது கறிக்கே காணாத காலம். நுளம்பு கடித்திருக்கும் என்றார் கணவர். மாடுகளுக்கு ஊசி போட சைக்கிளில் வருகிற மிருக வைத்தியரை ஒரு நாள் மறித்துக் காட்டினேன். அவர் காதை மடித்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காரணம் தெரியேல்லை தங்கச்சி. நோய் வருத்தம் மாதிரி இல்லை. சனத்துக்கே தலைமயிர் கொட்டுது, பூனைக்குக் கொட்டினா என்ன?"

சனம் என்று அவர் சொன்னது என்னைத்தான். மலேரியாக் காய்ச்சல் வந்து போன பிறகு என் தலைமயிர் பிடி பிடியாகக் கழன்றுகொண்டிருந்தது. காலையில் சீப்பைக் கையில் எடுக்கவே எனக்கு அலுப்பாக இருக்கும்.

என் தலையைப் பற்றி அக்கா எதுவும் கேட்டதில்லை. பூனையின் காதைப் பற்றிக் கேட்டார். அவர் தன் கணவர் இறந்த பிறகு வயலையும் ஒரே மகளையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கிறாள். அந்தப் பூனையின்ர காதைப் பார்க்க எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு அவளின்ர முகத்தில ஏதும் வந்திட்டா ஆர் பொறுப்பு?"

"பூனையைக் கொண்டுபோய் விடட்டோ அக்கா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ."

அவர் அப்படிச் சொல்லவில்லைதான். அதற்கு முன்பும் அவர் எதையும் சொன்னதில்லை. கிணற்றடியில் நான் குளிக்கும்போது "தண்ணி கீழ போகுது போல" என்பார். அடுத்த நாள் நான் பாதி வாளியில் குளிப்பேன். "கொட்டில் கூரையைப் பிரிச்சு வேய வேணும்" என்பார். அன்று இரவு நானும் கணவரும் எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு படுப்போம். பூனைக்கு அடுத்தது நாங்கள் என்பது எனக்குத் தெரியும். பூனையைக் கொடுத்தாவது கொட்டிலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க வேண்டி வந்ததே என்று கோபமும் வந்தது. ஆனால் கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இருக்கவில்லை.

பூனையைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உரப்பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, அதைச் சுற்றிவிட்டுக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் அதற்குத் திசை பிடிபடாது. தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்காலைத் தாண்டித்தான் அவிழ்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை கணவர் அப்படியே செய்து, பையை சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அது கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, அவிழுங்கோ! அவிழ்த்து விடுங்கோ!"

மகளுக்கு இரவெல்லாம் காய்ச்சல். விடிந்து பார்த்தால் முகமும் கழுத்தும் பொக்குளிப்பான், அம்மைக் கொப்புளம். எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வது. அம்மாள் வந்த வளவிலிருந்து ஒரு சீவனைத் துரத்தக் கூடாது. அக்கா தானே பையின் கட்டை அவிழ்த்தார். பூனை வெளியே வந்து, ஒரு முறை உடம்பை நீட்டி முறித்துவிட்டு, அவருடைய காலடியில் இருந்துகொண்டது.

அதன் காதைப் பார்த்ததும் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அம்மாள் முதல்ல இதின்ர காதிலதான் தொட்டுக் காட்டியிருக்கிறா. பாவி எனக்குத்தான் விளங்கேல்லை. வற்றாப்பளை அம்மாளே, பொறுத்துக்கொள்ளுங்கோ!"

வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை, மீன் இல்லை. எங்கள் அடுப்புக்கும் அதே சட்டம். கணவர் உப்புச் சப்பில்லாத கறியைப் பிசைந்துகொண்டு பூனையை முறைத்துப் பார்ப்பார். பூனைக்கோ அக்காவின் பசுவின் பால் சிரட்டையில் வந்தது. அந்த வளவுக்கு வந்து இத்தனை மாதத்தில் அந்தப் பால் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. பூனைக்கு நேரத்துக்கு வந்தது. மகள் பாயில் கிடக்க, அது வேப்பிலைக்குப் பக்கத்தில் காவல்காரன் போல் படுத்திருக்கும்.

எனக்கும் ஒரு நன்மை கிடைத்தது. அம்மாள் வந்த வளவில் தலை சீவக் கூடாது. அந்த நாட்கள் முழுவதும் நான் சீப்பைத் தொடவில்லை. எவ்வளவு கழன்றது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடத்தில் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது அப்போதுதான்.

மகளுக்குப் பொக்குளங்கள் காய்ந்தன. முகத்தில் தழும்பு அவ்வளவாக இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அக்கா அவளுக்கு வார்த்தார். கடைசித் தண்ணீர் வார்த்து முடிந்ததும், வாளியில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார்.

"இதுக்கும் வார்க்க வேணும். இல்லாட்டி அம்மாளுக்குக் குறை."

"அக்கா, பூனைக்குத் தண்ணி ஒத்து வராது."

"அம்மாளின்ர தண்ணி ஒண்டும் செய்யாது, தங்கச்சி."

ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். பூனை போட்ட சத்தத்தில் பசு கயிற்றை இழுத்தது. அக்காவின் முழங்கைவரை கீறிவிட்டு, வேலியைத் தாண்டி, வயல் வரம்பு வழியே ஓடி, பெரிய வாய்க்கால் கரையில் ஏறி மறைந்தது. உரப்பையில் கட்டிக் கொண்டுபோக நினைத்த இடத்துக்குத் தன் காலாலேயே போய்விட்டது.

அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. அக்கா பொழுதுபடும் நேரத்தில் பால் சிரட்டையோடு வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டார். கீறலுக்கு மஞ்சள் பூசிய கை. மெலிந்துபோன முகம். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் கூப்பிட்டா வரும். ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

நான் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புல்லுக்குள் எங்கேயாவது அந்த மொட்டைக் காது தெரிகிறதா என்று கண் தேடியது. துரத்தப் பார்த்தபோதும் பூனை இருந்தது, தூக்கி வைத்துக் கொண்டாடியபோதும் இருந்தது, தலையில் தண்ணீரை ஊற்றியதும் போய்விட்டது. எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. அதை வரச் சொல்லிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா வாய்க்கால் கரையில் குந்தி அழத் தொடங்கினார். அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டா என்றார். மகளுக்கு இனி என்ன வருமோ, வயலுக்கு என்ன வருமோ என்றார். கிழக்கே எங்கோ ஷெல் விழும் சத்தம் கேட்டது. அவர் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீங்களும் கோவிச்சுக்கொண்டு போயிடாதேங்கோ."

"எங்க அக்கா போறது?" என்றேன்.